மழையில் கேட்ட ஊறுகாய்க் கதை

அந்த மூட்டைய மடியில வச்சுக்கம்மா, கீழ வச்சா போறவன் வர்றவன் எல்லாம் மிதிப்பான். என்ன அது, டென்ட்டா? நெனச்சேன். அந்தப் பச்சை நிறமும் அந்த வாரும் பாத்த உடனே தெரியுது. ஏரிக்கரைத் தோட்டத்துக்குத்தானே? சிநேகிதிங்க முன்னாடியே போயிட்டாங்களா? ரொம்ப நல்லது. படிச்ச பொண்ணுங்க. வீட்டுல கட்டில் இருக்கும், மெத்தை இருக்கும், தலைக்கு மேல காத்தாடி சுத்தும். அதையெல்லாம் விட்டுட்டு மலை மேல எறும்போட படுக்கறதுக்கு பஸ் ஏறி வர்றீங்க.

கோவிச்சுக்காதே. நானும் அங்கதான் போறேன். ஆமாம்மா, இந்த வயசுலதான். என் வீட்டுக்காரரு, பொண்ணு, பையன், நாத்தனாரு, நாலு பேரும் நேத்தே போயி அங்க துணிக்குள்ள உக்காந்திருக்காங்க. நான் வர்றது அவங்களுக்குத் தெரியாது. தெரியணும்னு என்ன இருக்கு? அவருக்கு சர்க்கரை. வேளாவேளைக்குச் சாப்பிடணும். அங்க யாரு வேளை பாக்கறாங்க? கேழ்வரகு அடை சுட்டு இந்தத் தூக்குல வச்சிருக்கேன், குடுத்துட்டு வரலாம்னு. வேற ஒண்ணும் இல்ல.

என் பேரு புனிதவதி. பேரச் சொன்னா ஆரணியில ஒருத்தருக்கும் தெரியாது. கணக்கு டீச்சர்னு சொல்லு, ஆட்டோக்காரன்கூட வண்டிய ஒழுங்கா ஓரமா நிறுத்துவான். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில அத்தனை வருஷமா நான் வராந்தாவுல நடந்து வர்ற சத்தம் கேட்டாலே அந்தக் கடைசி வகுப்பு வரைக்கும் அடங்கிடும். வீட்டுலயும் நான் டீச்சர்தான். கல்யாணமான புதுசுல அவரு கேலியாத்தான் 'டீச்சர், டீச்சர்'னு கூப்பிட ஆரம்பிச்சாரு. நான் அதக் கண்டுக்கல. போகப்போக கேலி போயிடுச்சு, டீச்சர் மட்டும் நின்னுடுச்சு. மரியாதைன்னா அப்படித்தான், தானா வந்து நிக்கணும்.

வாத்தியார் வேலைன்னா உங்களுக்கென்ன, மே மாசம் முழுக்க லீவுன்னு ஊரு வயிறெரியுது. லீவாம் லீவு. பேப்பர் திருத்தற வேலைய யாரு இவங்க மாமாவா வந்து செய்வாரு? அத முடிச்சுட்டு வீட்டுக்கு வந்தா, வருஷம் முழுக்க நான் இல்லாத நேரத்துல அந்த வீடு கெட்டுக் குட்டிச்சுவராக் கெடக்கும். அதைத் திருத்தணும். பேப்பரத் திருத்திடலாம்மா. மனுஷங்களத் திருத்தறது இருக்கே.

அவரு பீன்ஸ் நறுக்குவாரு. ஒண்ணு விரல் நீளம், ஒண்ணு நகத்தளவு. எப்படிச் சமமா வேகும்? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தட்ட வாங்கி மறுபடி நறுக்குவேன், அவரு பக்கத்துல நின்னு பாத்துட்டிருப்பாரு. பொண்ணு நிறைமதி பிளஸ் டூ போகப்போறா, கொடியில துணி போட்டான்னா ஒரே சட்டைக்கு ஒரு கிளிப்பு சிவப்பு, ஒரு கிளிப்பு பச்சை. பையன் பாரி ஒன்பதாவது. குளிச்சுட்டு வந்தான்னா குளியலறை வாசல்ல குளம். அதுக்கும் நான் கத்தினதில்ல. அந்த ஈரத்துக்குப் பக்கத்துல போயி சும்மா நிப்பேன். அவனே வந்து துடைச்சுடுவான். கத்தறவங்களுக்கு என்னைக்கும் வகுப்பு அடங்காதும்மா, பாக்கறவங்களுக்குத்தான் அடங்கும்.

இந்த லீவுக்கும் முதல் நாளே எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திட்டேன். காலையில நிறைமதிக்கு வகைநுண்கணிதம், பாரிக்கு வடிவியல். மத்தியானத் தூக்கம் கிடையாது, தூங்கினா மூளையில பாசி பிடிக்கும். சாயங்காலம் ஓய்வு. ஓய்வுல என்னென்ன செய்யலாம்னும் சொல்லிட்டேன், இல்லேன்னா அதுக்கும் முழிப்பாங்க. எங்க வீடு அவ்வளவு அமைதியான வீடு. தெருவுல யாரை வேணும்னாலும் கேளு. எதிர் வீட்டுல எந்நேரமும் சண்டை, சிரிப்பு, டிவி, திருவிழாக் கூட்டம் மாதிரி. எங்க வீட்டுல சாப்பிடறப்போ அப்பளம் உடையற சத்தம் கேக்கும்.

அவரு தபால் ஆபீசுல கவுண்டர்ல இருக்காரு. ஏகாம்பரம்னு பேரு. வாயில விரல விட்டாலும் பேச்சு வராது. சாப்பிட்டீங்களா? ஆச்சு. குடை எடுத்தீங்களா? எடுத்தேன். அவ்வளவுதான். ஆசிரியர் அறையில மத்தவங்க வீட்டுக்காரங்களப் பத்திப் புலம்பறப்போ நான் பெருமையாச் சொல்லுவேன், எங்க வீட்டுக்காரரு தங்கம், வாயத் திறக்க மாட்டாருன்னு.

இப்படி ஒழுங்கா ஓடிட்டிருந்த வீட்டுக்குத்தான் என் நாத்தனாரு வந்து சேந்தா. சுகந்தி. ஓசூர்ல வேலை. கல்யாணம் வேணாம்னுட்டா. நல்லதுதான், எவனோ ஒருத்தன் தப்பிச்சான். ஆம்பள மாதிரி புல்லட்டு ஓட்டிட்டு, பின்னாடி இந்த மாதிரி மூட்டை கட்டிக்கிட்டு வந்து எறங்கினா. செருப்பு ஒண்ணு கெழக்கப் பாக்குது, ஒண்ணு மேற்கப் பாக்குது. பசங்க ரெண்டும் 'அத்தே'ன்னு ஓடிப்போயி அவ மேல தொங்குதுங்க. நான் வீட்டுக்கு வர்றப்போ ஒருத்தரும் ஓடி வந்ததில்ல. எதுக்கு ஓடி வரணும்? தினம் வர்றவளுக்கு யாராவது ஓடி வருவாங்களா? எப்பவாவது வர்றதுக்குத்தான் மவுசு. வால் நட்சத்திரத்தத்தான் ஏணி போட்டுப் பாப்பாங்க, சூரியனப் பாக்க எவனாவது எழுந்திருக்கானா?

"அண்ணே, ஜவ்வாது மலையில ஏரிக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்துல டென்ட் போட விடறாங்க. போலாமா?"ன்னா.

அவரு என்னைப் பாக்கவே இல்ல. "போலாம்"னுட்டாரு. கல்யாணமான நாள்லேருந்து என்னைக் கேக்காம அவரு சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நான் சொன்னேன், "மனுஷன் குகையிலேருந்து வெளிய வர லட்சக்கணக்கான வருஷம் ஆச்சு. நீங்க ஒரே லீவுல திரும்பப் போகப்போறீங்க. போங்க."

பாரி என்ன நெனச்சானோ, "அம்மா நீ வரலையா?"ன்னு துள்ளிக்கிட்டுக் கேட்டான். பாவம், கொழந்தைக்கு நான் வராம போயிடுவேனோன்னு பதட்டம். அதனாலதான் கிளம்பினேன். இல்லேன்னா நான் எதுக்கு அந்தக் கூத்துக்குப் போறேன்?

போன உடனே டென்ட் நிறுத்தற வேலை. கம்பிய இப்படி வளைச்சு அப்படிச் சொருகணும். நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு, விழுந்து எழுந்து, அதுக்கொரு கெக்கெக்கேன்னு சிரிப்பு. முளை அடிக்கறப்போ எந்தக் கோணத்துல அடிக்கணும்னு ஒருத்தருக்குத் தெரியல. நான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தேன். இந்த முளை நிமிர்ந்திருக்கு, அந்தக் கயிறு தளர்ந்திருக்கு, இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தவிட உசரம். அப்புறம் சிரிப்பு இல்லாம மளமளன்னு வேலை நடந்துச்சு. சுகந்தி நாற்காலி ஒண்ணக் கொண்டாந்து ரொம்ப தூரத்துல மரத்தடியில போட்டு, "அண்ணி, நீங்க இங்க நிழல்ல உக்காருங்க"ன்னா. எவ்வளவு அலட்சியமான பொண்ணா இருந்தாலும் அண்ணின்னு அந்த மரியாதை இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

எனக்குத் தனி டென்ட் கேட்டேன். இன்னொருத்தர் குறட்டையில எனக்குத் தூக்கம் வராது. இடத்தையும் நானே பாத்தேன், நல்ல சமதரை. சுகந்தி வந்து, "அண்ணி, அது மழை வந்தா தண்ணி ஓடற தடம் மாதிரி இருக்கு, மணல் அரிச்சிருக்கு பாருங்க"ன்னா. கணக்கு டீச்சர்கிட்ட வந்து சமதளத்தப் பத்திப் பேசறா! "மே மாசத்துல ஏதும்மா மழை?"ன்னேன். அவங்கண்ணன் அவளப் பாத்து விடுன்னு கண்ணக் காட்டினாரு. நான் சொன்னது சரின்னு அவருக்குத் தெரியும்.

கல்லடுப்புல கிச்சடி பண்ணாங்க. ஊதாங்குழலு இல்லாம வாயால ஊதி ஊதி, மூஞ்செல்லாம் கரி. ஆளுக்கொரு தட்டுல போட்டுக்கிட்டு, ஆஹா ஓஹோன்னு தின்னுட்டிருந்தாங்க. "அடி பிடிச்சிருக்கு"ன்னேன். இருக்கறதச் சொன்னேன், தப்பா? அதுக்கப்புறம்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது. ஒவ்வொருத்தரா தட்ட வச்சுட்டாங்க. யாராவது ஒருத்தர் எடுத்துச் சொல்ல வேணாமா, நீயே சொல்லு.

மத்தியானம் நான் என் டென்ட்டுல போயி படுத்தேன். உள்ள ஒரே புழுக்கம், இட்லிப் பானைக்குள்ள படுத்த மாதிரி. வெளிய திடீர்னு காத்து. அப்புறம் இருட்டிக்கிட்டு வந்துச்சு பாரு ஒரு மழை, கோடை மழை, மலைக்கே உரியது. ஆலங்கட்டி வேற, துணி மேல படபடபடன்னு யாரோ புளியங்கொட்டைய வாரி எறியற மாதிரி. கொஞ்ச நேரத்துல முதுகுல சில்லுன்னுது. பாத்தா, டென்ட்டுக்குள்ள தண்ணி. என் பையி மெதக்குது, செருப்பு வாசல் வழியாக் கிளம்பிப் போகுது. அந்தத் தோட்டத்துக்காரன் வாய்க்கால் ஒழுங்கா வெட்டல, வேற என்ன. மலையேறி வந்தவங்ககிட்ட பணம் வாங்கத் தெரியுது, வடிகால் தெரியல.

பைய எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு, அவங்க இருந்த பெரிய டென்ட்டுப் பக்கம் போனேன். ஜிப்புல கைய வச்சேன். உள்ள பேச்சுச் சத்தம்.

ஆம்பளக் குரல். யாருடா இது, தோட்டத்துக்காரன் உள்ள வந்து உக்காந்துட்டானான்னு நெனச்சேன். அப்படி ஒரு குரல். ஏத்தி எறக்கி, இழுத்து நீட்டி, கெழவனுக்கு ஒரு குரல், இன்னொருத்தனுக்கு ஒரு குரல். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அது இவரு.

என்ன கதைங்கறே? ஒண்ணுமில்லாத கதை. இவரு ஆபீசுக்கு ஒரு கெழவரு வந்தாராம். மகளுக்கு மாங்கா ஊறுகா அனுப்பணும், ஜாடியோட. இவரு சொன்னாராம், "ஐயா, திரவம் அனுப்பக் கூடாது." கெழவரு, "இது தெரவம் இல்லப்பா, ஊறுகா." "எண்ணெய் மெதக்குதே ஐயா." "அப்போ எண்ணெய நீ எடுத்துக்க, மாங்காய மட்டும் அனுப்பு." "அப்படி அனுப்ப முடியாதுங்க." கெழவருக்குக் கோவம் வந்துடுச்சாம். ஜாடியத் தொறந்து கவுண்டர் ஓட்டை வழியா ஒரு துண்ட நீட்டி, "இந்தா, இத வாயில போடு. போட்டுட்டு நீயே சொல்லு, குடிக்கிறியா கடிக்கிறியா?"

தோ பாரு, நீயும் சிரிக்கிறே. அவங்களும் இந்த இடத்துலதான் சிரிச்சாங்க. என்ன இருக்கு இதுல? திட, திரவ வேறுபாடு ஆறாம் வகுப்புப் பாடம்.

இரு, இன்னும் இருக்கு. இவரு கடிச்சாராம். கண்ணுல தண்ணி. பக்கத்துக் கவுண்டர்ல இருந்த அம்மா, "என்ன சார், அழறீங்க?"ன்னு வந்து அவங்க ஒரு துண்டு. சந்தேகம் தீரலைன்னு ரிஜிஸ்டர் தபால்காரரு ஒரு துண்டு. வரிசையில நின்னவங்கெல்லாம், "நாங்களும் சொல்றோம் சார், கடிக்கறதா குடிக்கறதான்னு." ஆராய்ச்சி நடக்குது. அப்போ உள்ளேருந்து போஸ்ட் மாஸ்டர் எழுந்து வர்றாரு. எல்லாரும் நடுங்கிப் போயி ஒதுங்கி நிக்கறாங்க. அவரு நேரா வந்து ஜாடியப் பாக்கறாரு, கெழவரப் பாக்கறாரு. கையப் பின்னாடி கட்டியிருந்தாராம். முன்னாடி கொண்டாந்தா, கையில தயிர்சாத டப்பா.

ஐயோ, மெதுவாச் சிரி, முன் சீட்டுல திரும்பிப் பாக்கறாங்க.

இவரு போஸ்ட் மாஸ்டர் நடையையே முட்டிபோட்டு நடந்து காட்டியிருக்கணும், டென்ட்டு துணி அப்படி இப்படின்னு புடைக்குது. பாரி சிரிச்சு சிரிச்சு விக்கல் எடுக்கறான். நிறைமதி, "அப்பா போதும்பா, வயிறு வலிக்குதுப்பா"ங்கறா. அந்தப் பொண்ணு அப்படிச் சிரிக்கும்னு எனக்குத் தெரியாது. குரலே வேற மாதிரி இருந்துச்சு. நான் மழையில நிக்கறேன். ஆலங்கட்டி மண்டையில விழுது. எனக்கும் ஒரு மாதிரி தொண்டையில ஏதோ வந்துச்சு. விக்கல்தான். குளிர்ல நின்னா வரும்.

அப்புறமா? அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் ஜிப்பத் திறந்துட்டேன்.

திறந்த உடனே எல்லாம் நின்னு போச்சு. டென்ட்டுக்குள்ள எழுந்து நிக்க முடியாதில்ல, இல்லேன்னா நின்னிருப்பாங்க. அப்படி நிமிந்து உக்காந்தாங்க. பாரி கால மடக்கிக்கிட்டான். நிறைமதி முடிய ஒதுக்கிக்கிட்டா. சுகந்திகூட, அவ்வளவு வாயாடி, சும்மா தரையப் பாத்தா. அப்படி ஒரு அடக்கம். சொந்த வீட்டு மனுஷங்க நம்மளப் பாத்து அப்படி அடங்கணும்னா அதுக்கு எத்தனை வருஷப் பயிற்சி வேணும், சொல்லு.

"நனைஞ்சுட்டியே டீச்சர்"னு அவரு துண்ட நீட்டினாரு.

"ஏன் நிறுத்திட்டீங்க? நடத்துங்க"ன்னேன்.

"அவ்வளவுதான். முடிஞ்சுது"ன்னாரு.

முடியல. எனக்குத் தெரியும், முடியல. தயிர்சாதம் அப்போதான் வந்துச்சு. அதுல எப்படிக் கதை முடியும்?

மழை கொட்டுது. சும்மா உக்காந்து என்ன பண்றது, நேரத்த வீணாக்க வேணாம்னு நான் பாரியை ஒரு தேற்றம் சொல்லச் சொன்னேன். சொன்னான். நிறைமதியை அதோட மறுதலை கேட்டேன். அதுவும் சொன்னா. மழை விடற வரைக்கும் பயனுள்ளதாப் போச்சு. அப்புறம் எல்லாருக்குமே காடு அலுத்துப் போச்சு போல, மறுநா மத்தியானம் வரைக்கும் இருக்கறதா இருந்தவங்க காலையிலேயே டென்ட்ட மடிச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்தோம். பழையபடி எல்லாம் ஒழுங்கு. பீன்ஸ், கிளிப்பு, வடிவியல். அவரும் பழையபடி. ஆச்சு. எடுத்தேன். ஆனா எனக்கு ஒரு குணம் உண்டும்மா. விடை இல்லாத கணக்கு எனக்குத் தூக்கத்தக் கெடுக்கும். ஒரு நாள் சாப்பிடறப்போ கேட்டேன்.

"ஏங்க, அந்த ஊறுகா கெழவரு கதையச் சொல்லுங்க."

அவரு பசங்களப் பாத்தாரு. பசங்க தட்டப் பாத்துச்சுங்க.

"எந்தக் கதை?"

"மழையில சொன்னீங்களே."

சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னாரு. "ஒரு பெரியவர் ஊறுகா பார்சல் கொண்டாந்தாரு. விதிப்படி முடியாதுன்னேன். எல்லாரும் கொஞ்சம் சாப்பிட்டுப் பாத்தோம். அப்புறம் போயிட்டாரு."

"போஸ்ட் மாஸ்டர் வந்தாரே?"

"ஆமா, வந்தாரு."

"வந்து?"

"வந்துட்டுப் போனாரு, டீச்சர்."

அவ்வளவுதான். ரசம் ஊத்திக்கிட்டாரு. கையால ஒரு சைகை இல்ல, குரல்ல ஒரு ஏத்தம் இல்ல, ஆபீசுக்கு விளக்கம் எழுதிக் குடுக்கற மாதிரி. "இதுக்கா அவ்வளவு சிரிச்சீங்க?"ன்னு கேட்டேன். நிறைமதி, "இல்லம்மா"ன்னா. சிரிச்சத எம் காதால கேட்டிருக்கேன், இல்லையாம். பாரி தண்ணி குடிக்கப் போயிட்டான். திரும்பி வரவே இல்ல, அவ்வளவு தாகம்.

அப்புறம் போன வாரம் அவரு வந்து சொன்னாரு. ரெண்டாவது தடவையா என்னைக் கேக்காம எடுத்த முடிவு. "சுகந்தி வர்றா. பசங்களக் கூட்டிக்கிட்டு மறுபடி மலைக்குப் போறோம். உனக்குத்தான் சனி, ஞாயிறு ஸ்கூல்ல சேர்க்கை வேலை இருக்கே. நீ அலைய வேணாம்." தேதி பாக்கத் தெரியாத மனுஷன். அடுத்த வாரம்னா எனக்கு வேலையே இல்ல. அதச் சொன்னேன். "அடுத்த வாரம் சுகந்திக்கு லீவு கிடைக்காது"ன்னாரு. அவ லீவுதான் முக்கியம். போகட்டும், எனக்கென்ன, மெதக்கற பையத் தூக்கிக்கிட்டு நிக்க எனக்கு வேண்டுதலா?

நேத்து காலையில கிளம்பினாங்க. நான் ஸ்கூலுக்குப் போனா, சேர்க்கை வேலைய புதன்கிழமைக்குத் தள்ளி வச்சுட்டாங்களாம். ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்ல. திரும்பி வந்தேன். வீடு பூட்டிக் கெடக்கு. உள்ள போனேன். பெருக்கினேன். துடைச்சேன். ஈரம் ஆக்க ஆள் இல்ல, துடைச்சது துடைச்ச மாதிரியே இருக்கு. அலமாரி அடுக்கினேன். கலைக்க ஆள் இல்ல. பீன்ஸ் வாங்கி எல்லாத்தையும் ஒரே நீளத்துக்கு நறுக்கினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு பீன்ஸ் வேணும்? மீதிய எடுத்து வச்சேன். இப்படித்தான் இருக்கணும் வீடுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பளம் பொரிச்சேன். உடைச்சேன். தெரு வரைக்கும் கேட்டிருக்கும் அந்தச் சத்தம்.

சரி, சும்மா இருக்கோமே, அந்தக் கணக்கப் போட்டுப் பாக்கலாம்னு சமையலறையில நின்னு அந்தக் கதைய முதல்லேருந்து சொன்னேன். யாருகிட்டயா? யாரும் இல்லதான். அடுப்பு மேடைகிட்ட. கெழவரு குரல்லயே சொன்னேன். போஸ்ட் மாஸ்டர் மாதிரியே கைய முன்னாடி கொண்டாந்தேன். தயிர்சாதம் வந்ததுக்கப்புறம் என்ன ஆகியிருக்கும்னு பல விதமா முடிச்சுப் பாத்தேன். போஸ்ட் மாஸ்டர் அனுமதி குடுத்துட்டாருன்னு முடிச்சேன். குடுக்கலன்னு முடிச்சேன். ஜாடி காலியாயிடுச்சுன்னு முடிச்சேன். எதுலயும் சிரிப்பு வரல. எங்கயோ ஒரு படி விட்டுப்போகுது. எந்தப் படின்னுதான் தெரியல.

காலையில எழுந்ததும் அவருக்கு சர்க்கரையாச்சேன்னு நெனப்பு வந்துச்சு. அடை சுட்டேன், பஸ் ஏறினேன்.

போயி என்ன சொல்லுவேனா? என்ன சொல்லணும், என் குடும்பம் இருக்கற இடத்துக்கு நான் போறேன். அனுமதிச் சீட்டா வாங்கணும்? போன உடனே முதல்ல முளைங்களப் பாக்கணும், அடுத்து அடுப்பு. சுகந்தி ஒரு பக்கம் சாய்ச்சுத்தான் கட்டியிருப்பா.

தோ, ஏரி தெரியுது பாரு. வந்துட்டோம். ஜன்னலக் கொஞ்சம் தள்ளு. அந்த வேலிக்கு அந்தப் பக்கம், ரெண்டு பச்சை டென்ட்டு, ஒரு ஆரஞ்சு. அதுதான் அவங்க. அவரு நிக்கறாரு பாரு, கரண்டியக் கையில வச்சுக்கிட்டு. அடுப்புல ஏதோ கருகிட்டிருக்கும், அதப் பாக்காம என்ன பண்றாரு? கைய பின்னாடி கட்டறாரு. நடக்கறாரு. எதையோ சொல்றாரு. பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பாரி தரையில உருளறான், சட்டையெல்லாம் மண்ணு, யாரு துவைப்பா? அவ நிறைமதி. வாயப் பொத்திக்கிட்டிருக்கா பாரு, அந்தப் பக்கம். அவதான்.

கண்டக்டர் கத்தறாரு. நீ எறங்கும்மா, உன் சிநேகிதிங்க காத்திருப்பாங்க. மூட்டைய மறந்துடாதே.

இல்ல. நான் எறங்கல. சேறாக் கெடக்கு வழியெல்லாம், எவ எறங்குவா இதுல? நீ போ. என்னைப் பாத்தேன்னு அங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம். கண்டக்டர் தம்பி, எனக்குக் கடைசி நிறுத்தம் வரைக்கும் குடு.

ஏன்னு கேக்கறியா? நான் போயி நின்னா அவரு பாதியில நிறுத்திடுவாரும்மா. முடிக்கட்டும்.

சுருக்கமாச் சொல்லத் தெரியாத மனுஷன். இழுத்து இழுத்துத்தான் சொல்லுவாரு. போ போ, வண்டி கிளம்புது.

தம்பி, இந்த வண்டி மேல போயிட்டு எப்போ திரும்பி வரும்? அவ்வளவு சீக்கிரமாவா? அதுக்கு அடுத்த வண்டி எப்போ?